கறைபடாத குறுவாள்: பல்கேரியப் போலீசும் சேகரிப்பாளனின் கண்ணாடிப் பெட்டியும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், பழைய நாணயம் சேர்க்கிற பழக்கம் உள்ளவர், ஒரு ஏல அட்டவணையை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். வழவழப்பான தாள். நாணயங்கள் நான்கைந்து பக்கம்தான். மிச்சமெல்லாம் பதக்கம், தொப்பி, வாள். புரட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கறுப்புத் துணிமேல் ஒரு குறுவாள், பக்கத்தில் அதன் உறை. பல்கேரியா, மன்னர் மூன்றாம் போரிஸ் காலம், காவல்துறை அதிகாரி அணிந்த சடங்குக் குறுவாள் என்று விவரம் போட்டிருந்தது. அலகில் கீறல் இல்லை, உறையில் நசுங்கல் இல்லை, இடுப்பில் தொங்கவிடும் வார்கூட அசல். கடைசியில் ஒற்றைச் சொல்: அரிது.

போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னய்யா இது, ஒரு ஆப்பிளைக்கூட வெட்டியிருக்காது போல. இதுக்கா இவ்வளவு காசு?" நண்பர் சிரித்தார். "வெட்டியிருந்தா வெல கொறஞ்சிரும்ல."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வெட்டாத கத்திக்குத்தான் விலை என்றால், வெட்டியது எது? ஒரு காவல்துறையின் வரலாற்றில் ரத்தம் இருக்கிறது, அதன் குறுவாளில் ரத்தம் இல்லை. நடுவில் என்ன நடந்தது? சேகரிப்பாளன் காசு கொடுத்து வாங்குவது இரும்பையா, இல்லை அந்த இடைவெளியையா?

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை அங்கே ஆயுதசாலையைப் பார்க்கிறாள். நெய் பூசி, பீலி சூட்டி, காவலில் வைத்த ஆயுதங்கள். எங்கள் ஊர் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வதுபோல் இகழ்ச்சி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நாமும் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஔவையின் தர்க்கம் எளிமையானது: சுத்தமான ஆயுதம் என்றால் பயன்படாத ஆயுதம், அதை வைத்திருப்பவன் போர் அறியாதவன். மன்னனே களத்தில் நிற்கிற காலத்துக்கு அது சரி. நவீன அரசுக்கு இந்த வாசிப்பு பொருந்தாது. நவீன அரசில் குறுவாள் அணிகிறவன் வேறு, கீழறையில் கயிறு பிடிக்கிறவன் வேறு. முதலாமவனின் அலகு பளபளப்பதே இரண்டாமவன் இருப்பதால்தான். இங்கே சுத்தம் என்பது போர் அறியாமை அல்ல, வேலைப் பிரிவினை.

*

சீருடையில் குறுவாள் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதன் தாய்வீடு கடற்படை. கப்பலின் குறுகிய படிகளில் நீளவாளைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்க முடியாது; அதனால் குட்டையான அலகு. ருஷ்யக் கடற்படையில் அதற்குக் கோர்த்திக் என்று பெயர். பல்கேரியர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது கரையேறியது. இருபதாம் நூற்றாண்டில் அதிகாரி என்பவன் குதிரையிலிருந்து இறங்கி மோட்டார் காரிலும் மேஜைக்குப் பின்னாலும் உட்காரத் தொடங்கியதும் நீளவாள் தொல்லையாகிவிட்டது. 1930களில் ஐரோப்பாவின் பல நாடுகளில் வாளின் இடத்துக்குக் குறுவாள் வந்து சேர்ந்தது. ஜெர்மன் ராணுவ அதிகாரிகளுக்கு 1935இல். ஜெர்மனியின் சோலிங்கென் நகரப் பட்டறைகள் அந்தப் பத்தாண்டில் ராணுவத்துக்கும் கட்சிக்கும் போலீசுக்கும் ஆயுதம் செய்து தள்ளின. ஆயுதம் என்று சொன்னாலும் அவை நகைதான். துப்பாக்கியும் விஷவாயுவும் விமானமும் வந்துவிட்ட காலத்தில் சாண் நீளக் கத்தியை வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போகவில்லை. கொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கத்தி சடங்காகிறது. சாதாரணக் காவலன் கையில் தடி, அதிகாரியின் இடுப்பில் குறுவாள். ஒன்று அடிப்பதற்கு, மற்றது அடிக்கச் சொல்வதற்கு.

பல்கேரியாவில் மட்டும் இந்தக் கத்திக்கு இன்னொரு பரம்பரையும் உண்டு. அதை அட்டவணைகள் சொல்லாது.

ஒட்டோமான் ஆட்சியில் யாத்தகான் என்ற வளைந்த அலகு பல்கேரிய நினைவின் மேல் விழுந்த தழும்பு. 1876 ஏப்ரல் எழுச்சியை அடக்க வந்த பாஷிபசூக் என்னும் கூலிப்படைகள் பத்தக் என்ற மலையூரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களையும் விடவில்லை. மக்காஹன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் லண்டன் நாளிதழுக்கு அதை எழுதினார். பிறகு கிளாட்ஸ்டன் துண்டுப் பிரசுரம் போட்டார், ஐரோப்பா முழுக்கக் கூச்சல். எலும்புகள் இன்றும் அந்தத் தேவாலயத்தில் இருக்கின்றன. இது ஒரு கத்தி.

இன்னொன்று புரட்சிக்காரனின் கத்தி. 1873இல் சோபியாவில் தூக்கிலிடப்பட்ட வாஸில் லெவ்ஸ்கி ஊர் ஊராகக் கட்டிய ரகசியக் குழுக்களில் சேர வருகிறவன் வேதப்புத்தகத்தின் முன்னால், குறுவாளும் கைத்துப்பாக்கியும் சாட்சியாகச் சத்தியம் செய்ய வேண்டும். பின்னால் மாசிடோனியப் புரட்சி இயக்கமும் இதே சடங்கை எடுத்துக்கொண்டது. இங்கேயும் கத்தி வெட்டவில்லை, சாட்சியாகத்தான் கிடக்கிறது. காட்டிக்கொடுத்தால் இது உன் மார்புக்கு என்று சொல்லாமல் சொல்கிறது.

ஆக, ஆட்சியாளனின் கூலிப்படையிடம் இருந்த கத்தி எதிர்ப்பாளனின் சத்தியமேடைக்கு வந்து, 1878இல் நாடு விடுபட்டபின் புதிய அரசின் அதிகாரி இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. கத்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினால் அது பல்கேரிய அரசின் வாழ்க்கை வரலாறாகவே இருக்கும். முன்பு விடுதலைக்குச் சாட்சியாக இருந்த பொருள் இப்போது ஒழுங்குக்குச் சாட்சி. பொருளின் வடிவம் அப்படியேதான் இருக்கிறது, அர்த்தம் மட்டும் தலைகீழாகிறது.

*

1919 நவம்பரில் கையெழுத்தான நேய்யி ஒப்பந்தத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இருக்காது. எல்லாரும் வெர்சாயோடு நின்றுவிடுவார்கள். முதல் உலகப்போரில் தோற்ற பல்கேரியாவுக்கு அதுதான் வெர்சாய். ராணுவம் 20,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, கட்டாய ராணுவ சேவை கூடாது; ஜென்டார்மும் போலீசும் மற்ற காவலர்களும் சேர்ந்து 10,000, எல்லைக் காவல் 3,000. அவ்வளவுதான். வேலையிழந்த அதிகாரிகள் என்ன செய்வார்கள்? அந்த ஆண்டே ராணுவச் சங்கம் என்று ஒன்றைக் கட்டினார்கள். வெளியே சண்டை போட முடியாத ராணுவம் உள்ளே திரும்பும். இதற்குப் பெரிய கோட்பாடு ஒன்றும் வேண்டாம்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் விவசாயிகள் கட்சியின் ஸ்டாம்போலிஸ்கி. அவருடைய ஆரஞ்சுக் காவலர்கள் தடி தூக்கிய குடியானவர்கள். பளபளக்கும் வாளுக்கு எதிரே உழவன் கையில் தடி. அந்தத் தடியின் வன்முறையையும் நான் புனிதப்படுத்தவில்லை. பத்திரிகைக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் அதில் அடிவாங்கியிருக்கிறார்கள். 1923 ஜூன் 9 அன்று ராணுவச் சங்கம் ஆட்சியைக் கவிழ்த்தது. ஐந்து நாள் கழித்து, சொந்த ஊரான ஸ்லாவோவித்சாவில், ஸ்டாம்போலிஸ்கி சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் மாசிடோனிய இயக்கத்தார். பக்கத்து நாட்டோடு நீஷ் நகரில் உடன்பாடு செய்துகொண்ட கை அது என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட கையை வெட்டினார்கள். சத்தியக் கத்தி இங்கே தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. இந்தக் கத்தி எந்த அட்டவணையிலும் இல்லை. இருந்தாலும் அதை வாங்க ஆள் இருக்காது என்று நான் நினைக்கவில்லை, அது வேறு விஷயம்.

அதே ஆண்டு செப்டம்பரில் கம்யூனிஸ்டுகளும் விவசாயிகளும் எழுந்தார்கள். எழுச்சி ரத்தத்தில் மூழ்கியது. 1924 ஜனவரியில் அரசுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கியோ மிலெவ் என்ற கவிஞர் அந்த எழுச்சியைப் பற்றி 'செப்டம்பர்' என்று ஒரு நெடுங்கவிதை எழுதித் தன் பத்திரிகையில் வெளியிட்டார். பத்திரிகையின் பெயர் 'ப்ளாமக்', அதாவது சுடர். அதற்கு முன்னால் 'வெஸ்னி', தராசு என்று ஒன்று நடத்தினார். சிற்றிதழ் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். கைக்காசைப் போட்டு, மொழிபெயர்த்து, மெய்ப்புப் பார்த்து, புதுக்கவிதைக்கும் புது ஓவியத்துக்கும் இடம் தேடிய ஆள். உலகப்போரில் தோய்ரான் முனையில் ஒரு கண்ணை இழந்தவர். கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டு, நெற்றியில் விழும் முடியால் அதை மறைத்துக்கொண்டு நடமாடினார். கவிதை வந்த இதழ் பறிமுதலானது. ஆசிரியர்மேல் வழக்கு.

வழக்கு நடக்கும்போதே 1925 ஏப்ரல் 16 வந்தது. சோபியாவின் புனித நெதெல்யா தேவாலயத்தில், கொல்லப்பட்ட ஒரு தளபதியின் இறுதிச் சடங்கின்போது, கம்யூனிஸ்ட் கட்சியின் ராணுவப் பிரிவு கூரையில் வைத்த குண்டு வெடித்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. இதை நம் ஆட்கள் எழுதும்போது சற்றே வேகமாகக் கடந்துபோவதைக் கவனித்திருக்கிறேன். கடக்கக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது பழிவாங்கல்கூட இல்லை, பட்டியல் போட்டு ஆள் பிடித்தல். மே 14 அன்று நீதிமன்றம் மிலெவுக்கு ஓராண்டுச் சிறை என்றது. மறுநாள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். சின்ன விசாரணை, வந்துவிட்டுப் போங்கள் என்றார். மிலெவ் திரும்பவில்லை. கவிஞர்கள் கிறிஸ்தோ யாசெனோவ், செர்கெய் ரூமியான்ட்செவ், பத்திரிகையாளர் யோசிப் ஹெர்ப்ஸ்ட் ஆகியோரும் அந்த நாட்களில் இப்படித்தான் காணாமல் போனார்கள்.

"சின்ன விசாரணை" என்ற சொல்லை நம்மூர் ஸ்டேஷனில் கேட்காதவர் யார்? எல்லா நாட்டுப் போலீசும் ஒரே அகராதியைத்தான் வைத்திருக்கிறது போலிருக்கிறது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, சோபியாவை ஒட்டிய இலியென்ட்சியில் ஒரு பெருங்குழியைத் தோண்டியபோது ஒரு மண்டையோட்டில் கண்ணாடிக் கண் இருந்தது. அதை வைத்துத்தான் இவர் மிலெவ் என்று அடையாளம் கண்டார்கள். கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, சத்தம் இல்லை. நான் முன்னால் சொன்ன இடைவெளி இதுதான். சட்டத்தின் வாசலில் நிற்கிறவன் பளபளக்கிற ஆயுதத்தோடு நிற்கிறான். கொலையோ ஆயுதமே இல்லாமல் நடக்கிறது. இரண்டும் ஒரே நிறுவனம்.

*

பல்கேரியாவின் ரூஸே நகரில் 1905இல் பிறந்தவர் எலியாஸ் கனெட்டி. கும்பலையும் அதிகாரத்தையும் பற்றி 1960இல் பெரிய புத்தகம் எழுதியவர் என்ற அளவில் இங்கே சிலருக்கு அவரைத் தெரியும். அவருடைய தன்வரலாற்றின் முதல் நினைவே ஒரு கத்திதான். 1907 கோடையில், கார்ல்ஸ்பாத் என்ற ஊரின் விடுதியில், இரண்டு வயதுக் குழந்தையைத் தாதிப்பெண் தூக்கிக்கொண்டு வருகிறாள். எதிர் அறையிலிருந்து ஒருவன் சிரித்துக்கொண்டே வருகிறான். நாக்கை நீட்டு என்கிறான், மடக்குக் கத்தியைத் திறந்து நாக்குக்கு நேரே கொண்டுவருகிறான், பிறகு இன்றைக்கு வேண்டாம் நாளைக்கு என்று கத்தியை மடக்கிக்கொள்கிறான். தினமும் இப்படி. அவன் தாதிப்பெண்ணின் காதலன், குழந்தை வெளியே சொல்லிவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழந்தை பத்து ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

அதிகாரியின் இடுப்பில் தொங்கும் குறுவாளைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு கோட்பாட்டாளர் சொல்லி நான் படித்ததில்லை. வெட்டுவதை விட, இன்றைக்கு வேண்டாம் நாளைக்கு என்பதுதான் அதன் வேலை. உறையில் இருக்கும்வரை அது பேசிக்கொண்டே இருக்கும்; எதிரில் இருப்பவன் பேசமாட்டான். அணிவகுப்பில், திருவிழாவில், மன்னரின் பிறந்தநாளில் அதிகாரி அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறபோது பார்க்கிறவன் ரசிக்கவும் செய்கிறான், நாக்கையும் உள்ளே இழுத்துக்கொள்கிறான். அழகும் அச்சமும் தனித்தனியாக இல்லை. சேகரிப்பாளனுக்கு இந்த அழகு மட்டும் வேண்டும். அச்சத்தை வடிகட்டிவிட்டுக் கொடு என்கிறான்.

மூன்றாம் போரிஸ் காலம் என்று அட்டவணை சொல்வது 1918 முதல் 1943 வரை. ஒரு மன்னரின் பெயரால் காலத்தைக் குறித்துவிட்டால் வேறு எதையும் குறிக்க வேண்டியதில்லை, வசதியான ஏற்பாடு. அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில் நிகோலா வாப்சரோவ் என்ற கவிஞர் இருந்தார். வர்ணா நகரின் கடற்படை இயந்திரப் பள்ளியில் படித்தவர், காகித ஆலையில் இயந்திரத் தொழிலாளி. உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒரே தொகுப்பு, 'மோட்டார் பாடல்கள்', 1940இல். 1942 மார்ச்சில் போலீஸ் பிடித்தது; சித்திரவதை, வழக்கு, ஜூலை 23 அன்று சோபியாவில் சுட்டுக்கொன்றார்கள். இன்று வர்ணாவின் கடற்படை அகாதெமிக்கு அவர் பெயர்தான். குறுவாளின் தாய்வீட்டுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள், வரலாற்றுக்கு இப்படி ஒரு குசும்பு.

மறு ஆண்டு, 1943 மார்ச். நாஜி ஜெர்மனியோடு சேர்ந்து பல்கேரியா கைப்பற்றி வைத்திருந்த திரேஸ், மாசிடோனியா, பிரோத் பகுதிகளில் பல்கேரியப் போலீசும் ராணுவமும் விடியுமுன் வீடு வீடாகப் போய் யூதர்களைப் பிடித்தன. ஸ்கோப்பியேயில் புகையிலை ஆலைக்குள் அடைத்துவைத்தார்கள். 11,343 பேர் ஒப்படைக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் ட்ரெப்ளிங்காவுக்கு. பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பழைய எல்லைக்குள் இருந்த ஏறத்தாழ 48,000 யூதர்களை அனுப்பும் திட்டம் நின்றுபோனது. நாடாளுமன்றத் துணைத்தலைவர் திமித்தர் பெஷெவ் கையெழுத்து வாங்கி எதிர்ப்புக் கடிதம் கொடுத்தார், தேவாலயத் தலைவர்கள் எதிர்த்தார்கள், எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். பல்கேரியா இந்த இரண்டாவது பாதியைத்தான் உலகுக்குச் சொல்ல விரும்பும். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தவை, உத்தரவு வந்ததும் கதவைத் தட்டியது அந்தக் குறுவாள்களின் காவல்துறை. கதவைத் தட்டுகிற வேலைக்கு யாரும் குறுவாள் கட்டிக்கொண்டு போயிருக்கமாட்டான். அது வீட்டில், பெட்டியில், எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் இன்று கீறல் இல்லை.

*

"அரிது" என்ற சொல்லுக்கு வருவோம். சேகரிப்பாளன் அதை இயற்கைக் குணம்போலச் சொல்கிறான், அபூர்வப் பறவை என்பதுபோல. சின்ன நாடு, அதிகாரிகள் குறைவு, அதிகாரிக்கு மட்டுமே குறுவாள் என்பதெல்லாம் சரி. ஆனால் இந்த அரிமைக்கு ஒரு தேதி உண்டு: 1944 செப்டம்பர் 9. செஞ்சேனை எல்லை தாண்டியதும் ஆட்சி கவிழ்ந்தது. பழைய போலீஸ் ஒழிந்து மக்கள் மிலிசியா வந்தது. முதல் வாரங்களில் விசாரணை ஏதுமின்றிக் கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். பிறகு மக்கள் நீதிமன்றம். 2,730 மரண தண்டனைகள். கடிதம் எழுதி யூதர்களைக் காத்த பெஷெவுக்கும் பதினைந்து ஆண்டுச் சிறை விதித்தது அதே நீதிமன்றம். ஓராண்டு கழித்துத்தான் விட்டார்கள். அப்படியொரு நாளில் முடியும் சிங்கமும் பொறித்த கத்தி வீட்டில் கிடந்தால் அது நகை இல்லை, குற்றப்பத்திரிகை. கிணற்றில் போட்டிருப்பார்கள், தோட்டத்தில் புதைத்திருப்பார்கள். பயந்தவர்கள் எறிந்ததால் மிஞ்சியது அரிதாயிற்று. ஒருகாலத்தில் ஊரைப் பயமுறுத்திய பொருள், பிறகு உடையவனையே பயமுறுத்தியது. அந்த இரண்டாவது பயத்துக்குத்தான் இன்று ஏலத்தில் விலை.

குறுவாளைக் கழற்றி எறிந்த மிலிசியா விசாரணை அறையை எறியவில்லை. தான்யூப் நடுவே பெலெனே தீவில் முகாம், பிறகு லோவெச் முகாம். 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் பேருந்துக்காக நின்ற பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவின் தொடையில் எதுவோ குத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒருவன் குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். நான்கு நாளில் செத்துப்போனார். குண்டூசித் தலை அளவு உருண்டையில் ரிசின் விஷம் என்று சொன்னார்கள். பல்கேரிய அரசுப் பாதுகாப்புத் துறையின் வேலை என்றே பரவலாகக் கருதப்படுகிறது. இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. சடங்கு போய்விட்டது, கூர் மட்டும் மிஞ்சியது. எந்தக் கொடியின் கீழ் என்று பார்த்து எழுத்தாளனின் சாவுக்கு அழுவது என்ற பழக்கம் நம்மிடையே உண்டு. மிலெவுக்கு ஒரு கண், மார்க்கோவுக்கு ஒரு கண் என்று வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

1989க்குப் பிறகு எல்லாம் தெருவுக்கு வந்தது. சோபியாவில் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தேவாலயத்தின் அருகே உள்ள பழம்பொருள் சந்தையில் சாமி படங்கள், சோவியத் பதக்கங்கள், ஜெர்மன் தலைக்கவசங்கள் எல்லாம் ஒரே விரிப்பில். பாதி போலி. 1991இல் மிலிசியா மறுபடி போலீஸ் என்ற பெயருக்குத் திரும்பியது. பழைய போலீஸ் என்பது அப்போது ஏக்கத்துக்குரிய பொருளாகிவிட்டது. குறுவாளைத் தோண்டியெடுத்தவர்களுக்கு டாலர் கிடைத்தது.

சேகரிப்பாளனை வில்லனாக்குவது சுலபம். வால்ட்டர் பெஞ்சமின் தானே ஒரு சேகரிப்பாளர். 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரிப்பதைப் பற்றி எழுதினார், 1937இல் எடுவார்ட் ஃபூக்ஸ் என்ற சேகரிப்பாளரைப் பற்றி எழுதினார். பொருளைப் பயன்பாடு என்ற அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறவன் சேகரிப்பாளன் என்பது அவர் பார்வை. அழகான பார்வை. ஆனால் இந்தக் குறுவாளை எதிலிருந்து விடுவிப்பது? இதற்குப் பயன்பாடே இருந்ததில்லையே. அதிகாரியின் இடுப்பில் இருந்தபோதே இது காட்சிப் பொருள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் போவதால் இதற்கு ஒரு மாற்றமும் நேர்வதில்லை, இடம்தான் மாறுகிறது. சேகரிப்பாளன் அந்த அதிகாரியின் வாரிசாகிவிடுகிறான், தனக்கே தெரியாமல்.

பூர்வீகம் தேடுவார்கள். யாருடைய குறுவாள், எந்த ஊர், எந்தப் பதவி. அதிகாரியின் புகைப்படம் கிடைத்துவிட்டால் விலை எகிறும். அதே அதிகாரியின் காவல்நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தால்? அதையும் சேர்த்து விற்பார்களா? விலை ஏறுமா, குறையுமா? நண்பரிடம் கேட்டேன். யோசித்தார். "அது ஆவணம்யா, அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார்.

போலிகளைப் பற்றி அவர்களுக்கு இருக்கிற கலவரத்தைச் சொல்லி மாளாது. பூதக்கண்ணாடி வைத்து, பிடியின் திருகாணியைக் கழற்றி, உறையின் மூலாம் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்து, அலகும் பிடியும் ஒரே பிறப்பா என்று சோதிக்கிறார்கள். எனக்கென்னவோ போலிக் குறுவாள்மேல் ஒரு மரியாதை வருகிறது. அது யார் வாசலிலும் நின்றதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் துணிமேல் அது அழகாகத்தான் இருந்தது. மிலெவைப் பற்றித் தெரிந்த பிறகும் அழகு குறையவில்லை, அதுதான் சங்கடம்.

போன வாரம் நண்பர் ஊருக்குத் திரும்பும்முன் அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் குறுவாளின் விவரத்தில் அலகின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது, வாரின் கொக்கிகள் எத்தனை என்பதுகூட இருந்தது. இலியென்ட்சியில் கண்ணாடிக் கண்ணோடு கிடைத்தவருக்கு அப்போது வயது முப்பது.